படப்புக்குப் பின்னாடி ஒரு முட்டை

நீங்க சன்னலோரம் உக்காருங்க தம்பி. எனக்கு அந்த எடம் ஆகாது. காத்துனால இல்ல, வெயில்னால இல்ல, சும்மாவே ஆகாது. இந்தப் பொட்டணத்த மட்டும் என் மடியில வச்சிக்கிறேன், நசுங்கிறக் கூடாது. எங்க போறீக? நாகலாபுரமா? அடடே, நானும் நாகலாபுரந்தான். கூட்டுறவு பேங்குக்கு மாத்தலாகி வந்திருக்கீகளா. அதான் பாத்த மொகமா இல்ல.

பாத்தீகளா கண்டக்டர? நான் நாகலாபுரம்னு கேக்குறேன், அவன் சிரிச்சிக்கிட்டே விளாத்திகுளத்துக்குக் கிழிச்சிக் குடுத்துட்டுப் போறான். அவன் அப்பிடித்தான். விடுங்க.

இந்தப் பக்கம் என்னையத் தெரியாதவுக கம்மி. மைக் செட்டுப் பால்சாமின்னு கேளுங்க. அருப்புக்கோட்டை சீனியம்மாள் சவுண்டு சர்வீஸ், நம்ம கடைதான். சீனியம்மாள் எங்கம்மா. பொண்டாட்டி பேர வைக்கலயாக்கும்னு சில பேரு கேப்பாக. ஏங்க, அவ பேரத் தகரத்துல எழுதி ஊர் ஊருக்குத் தொங்க விடவா? அது ஒரு மரியாதையா?

நம்ம பக்கத்துக் காதுகுத்து, சடங்கு வீடெல்லாம் நீங்க பாத்திருக்க மாட்டீக. மொய் எழுத எழுத மைக்குல வாசிக்கணும். இன்ன ஊரு இன்னாரு, இம்புட்டு. தாய்மாமன் செய்முறை, ஆடு ஒண்ணு, அண்டா ஒண்ணு, பட்டு வேட்டி ஒண்ணு. வாசிக்கிறது நாந்தான். என் கொரலுக்குன்னே கூப்பிடுவாக. வாசிக்காம விட்டுட்டா அன்னைக்கே சண்டை. குடுத்தத விட, குடுத்தது ஊருக்குக் கேக்கணும், அதுதான் அவுகளுக்குப் பெருசு. நான் வாசிக்கிறப்ப மனசுக்குள்ள நெனச்சிக்குவேன், பாசம் இருக்குறவன் எவனாவது இப்பிடிக் கொழாய் ஸ்பீக்கரக் கட்டிக்கிட்டுக் குடுப்பானான்னு.

குடுக்குறதுன்னா எங்கம்மா குடுத்தது தம்பி. அத யாருட்டயும் சொன்னதில்ல. உங்ககிட்டச் சொல்றேன், ஏன்னு தெரியல.

நாங்க நாலு பேரு. அண்ணன், அக்கா, நான், எனக்கு எளையவன் ஒருத்தன். அப்பா எங்களுக்கு நெனவு தெரிய முன்னாடியே போயிட்டாரு. எங்கம்மா களை எடுக்கப் போவா, பருத்தி எடுக்கப் போவா. வீட்டுல நாலஞ்சு கோழி கெடந்துச்சு. ஆனா முட்டைய வீட்டுல திங்கிற பழக்கம் கெடையாது. அது கடைக்குப் போயி, உப்பா மொளகாயாத் திரும்பி வரும். எங்கம்மா கையும் வாயும் சும்மா இருக்காது. தொட்டதுக்கெல்லாம் அடிப்பா. ஒரு நா மண்ணெண்ணெயச் சிந்திட்டேன்னு தெருவே வேடிக்க பாக்க வெளக்கமாத்தால வெளுத்துட்டா என்னைய. ஏங்கி ஏங்கி அழுதுக்கிட்டு மாட்டுத்தொட்டிகிட்ட நிக்கிறேன். பொழுது சாயிற நேரம் கண்ணக் காட்டுறா, வான்னு. வைக்கப் படப்புக்குப் பின்னாடி கூட்டிட்டுப் போனா. மடியில இருந்து ஒரு முட்டை. சோத்தோட போட்டு அவிச்சது, சுடுது. அடிச்ச அந்தக் கைதான் தோல உரிச்சிக் குடுத்துச்சு. நான் திங்கிற வரைக்கும் தெருவப் பாத்துக்கிட்டே நின்னா, யாராச்சும் வந்துறப் போறாகன்னு. தின்னு முடிச்சதும் முந்தானையால என் வாயத் தொடச்சி விட்டா. தோல மண்ணுக்குள்ள பொதச்சா.

"ஒனக்கு மட்டுந்தான். அண்ணன்கிட்ட, அக்காகிட்ட மூச்சு விட்டுறாத" அப்பிடின்னா.

அதுக்குப் பெறகு அப்பப்பக் கெடைக்கும். எல்லாரும் வட்டமா உக்காந்து கஞ்சி குடிக்கிறப்ப, நான் மட்டும் வயித்துக்குள்ள ஒரு முட்டைய வச்சிக்கிட்டு ராசா மாதிரி உக்காந்திருப்பேன். அண்ணனப் பாத்தாப் பாவமா இருக்கும். அக்காவப் பாத்தாப் பாவமா இருக்கும். இவுகளுக்குத் தெரியாதே, எங்கம்மாவுக்கு நான்தான்னு. நாலு பேரு முன்னாடி எங்கம்மா என்னையக் கூடுதலா ரெண்டு அடி அடிச்சா எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்பு வரும். அடிச்சாத்தான அவ ஆளுன்னு அர்த்தம்.

என் சம்சாரம் பேரு குருவம்மா. நல்லவ தம்பி. நல்லவன்னு நான் அவகிட்டச் சொன்னதில்ல, உங்ககிட்டச் சொல்றேன். எங்கம்மா என்னைய வச்சிருந்த மாதிரித்தான் நான் அவள வச்சிருந்தேன். கல்யாணமான மறு மாசம் கொலுசு வாங்கினேன். கையில குடுத்தா நல்லாவா இருக்கும்? அரிசிப் பானைக்குள்ள பொதச்சி வச்சிட்டேன். உலைக்கு அரிசி எடுக்கக் கைய விட்டவ கையில சிக்கிருச்சு. ஓடியாந்தா. "ஏங்க, இது எனக்கா?" அப்பிடின்னா. "சத்தம் போடாத, ஒனக்குத்தான், யாருட்டயும் சொல்லிறாத"ன்னேன். அது பெறகு அப்பிடியே பழகிப் போச்சு. அந்த அரிசிப் பானைதான் எங்களுக்குப் படப்பு.

மக வயித்துல இருக்குறப்பக் கொடுக்காப்புளிக்கு ஆசப்பட்டா. ஆம்ப்ளிபயர் பெட்டிக்குள்ள ஒளிச்சி வச்சிக் கொண்டாந்து குடுத்தேன். ஆளுக இருக்குறப்ப என்ன செய்வேன்? வைவேன். சட்டுனு காப்பி வரலன்னா வைவேன், நல்ல சேலை கட்டிட்டு வந்தா "என்ன கோலம் இது"ம்பேன். அவ அண்ணன் அக்கா முன்னாடி கூடக் கொஞ்சம் வைவேன். தெருவுல சேந்து நடக்க மாட்டேன், நாலு எட்டு முன்னாடி போயிருவேன். இதெல்லாம் எதுக்கு? அவ என் ஆளுன்னுதான. அவளுக்குப் புரியும்னு நெனச்சேன். கல்யாணமான புதுசுல ஒரு தடவ அந்த முட்டை வெவரத்தையும் அவகிட்ட மட்டும் சொல்லியிருந்தேன். கேட்டுட்டு ரொம்ப நேரம் என் தலையத் தடவிக் குடுத்தா. கொஞ்சம் சேவு எடுத்துக்கங்க தம்பி. முன் சீட்டுப் பொம்பள பாக்குறா, மறைச்சி வச்சித் தின்னுங்க.

எங்கம்மா போன வருசம் போயிட்டா. நல்லாத்தான் இருந்தா, தண்ணி குடிச்சிட்டுப் படுத்தவ எந்திரிக்கல. கருமாதிக்கு நாலு பேரும் கூடியிருக்கோம். சாப்பிட்டு முடிச்சி வெத்தல போட்டுக்கிட்டு உக்காந்திருக்கப்ப எங்கண்ணன் திடீர்னு குலுங்கிக் குலுங்கி அழுவுறாரு. என்னடான்னா, "அம்மா எனக்கு மட்டும் முட்டை அவிச்சிக் குடுப்பாளே. படப்புக்குப் பின்னாடி கூட்டிட்டுப் போயி. ஒங்க யாருக்கும் தெரியாம தின்னேனே பாவி" அப்பிடின்னாரு.

நான் மென்னுக்கிட்டிருந்த வெத்தலையத் துப்பிட்டு நிமிந்து உக்காந்தேன்.

எங்கக்கா வாயப் பொளந்துட்டா. "ஒனக்குமா? எனக்கும் குடுத்தாளே. மாட்டுக் கொட்டத்துல வச்சி. ஒனக்கு மட்டுந்தான், பையனுககிட்டச் சொல்லிறாதன்னாளே." எளையவன் சொல்றான், "எனக்குத் தானியக் குலுக்கைக்குப் பின்னாடி." அப்பிடியே மூணு பேரும் சிரிக்க ஆரம்பிச்சிட்டாக. அழுதுக்கிட்டே சிரிக்கிறாக, ஒருத்தர ஒருத்தர் கட்டிப் பிடிச்சிக்கிறாக. "கள்ளி, எப்பேர்ப்பட்ட கள்ளி" அப்பிடிங்கிறாக. செத்த வீட்டுல அப்பிடி ஒரு சிரிப்ப நான் பாத்ததில்ல.

அக்கா என் பக்கம் திரும்பி, "ஒனக்கு எங்க வச்சிடா குடுத்தா?"ன்னு கேட்டா.

நான், "எனக்குக் குடுக்கல"ன்னுட்டேன்.

ஆமா தம்பி. வேறென்ன சொல்லச் சொல்றீக? மூச்சு விட்டுறாதன்னு எங்கம்மா சொல்லியிருக்கா. அவுக மூணு பேரும் அவ பேச்ச மீறிட்டாக, அதுக்காக நானும் மீறணுமா? அதுவும் போக, எனக்கு வயிறு எரியுது. ஒனக்கு மட்டுந்தான்னு சொன்னவ நாலு பேருக்கும் அதே வார்த்தையச் சொல்லியிருக்கா. நான் ராசா மாதிரி உக்காந்திருந்தேனே, அப்ப சுத்தி உக்காந்திருந்த எல்லாரு வயித்துலயும் முட்டை இருந்திருக்கு. என்னையப் பாத்து அவுகளும் பாவம்னு நெனச்சிருப்பாக. எங்கம்மா என்னைய ஏமாத்திட்டா தம்பி. பெத்த தாயி. செத்தவகிட்டப் போயி எப்பிடிச் சண்டை போடுறது? அன்னைக்கிருந்து நான் முட்டையத் தொடுறதில்ல.

அதோட விட்டாகளா? எங்கக்காவுக்கு எம்மேல இரக்கம் வந்துருச்சு. "ஐயோ, இவனுக்கு மட்டும் அம்மா ஓரவஞ்சன பண்ணிட்டாளே"ன்னு மாசம் பொறந்தா ஒரு அட்டை முட்டைய வாங்கித் தூக்கிட்டு வந்துருவா. வாசல்ல நின்னு தெருவே கேக்கச் சொல்லுவா, "அம்மா குடுக்காதத நான் குடுக்குறேன்டா தம்பி, தின்னு." எங்க சொந்தபந்தம் பூராம் பரவிப் போச்சு. மைக் செட்டுக்காரன அவுக ஆத்தாவே ஒதுக்கி வச்சிருந்தாளாம். என்னையப் பாக்குறவுக எல்லாம் ஒரு மாதிரி பாவமாப் பாக்குறாக. குருவம்மா ஒரு நா, "நீங்களும் தின்னீகன்னு சொன்னாத்தான் என்ன? செத்தவுகளுக்கும் கெட்ட பேரு, உங்களுக்கும் எரிச்சலு"ன்னா. "நீ வாய மூடு"ன்னுட்டேன்.

அதுக்குப் பெறகு குருவம்மாவுக்கு எதுவும் குடுக்க எனக்குக் கை வரல. ஒனக்கு மட்டுந்தான்னு நானும் பொய் சொல்ல விரும்பல. பூ வாங்கப் போவேன், அப்பிடியே திரும்பி வந்துருவேன். எங்கம்மா கை குடுத்ததே பொய்யின்னு ஆன பெறகு, என் கைக்கு மட்டும் என்ன மரியாதை? ஒரு நா காலையில அடுப்படியில இருந்து கேக்குறா, "ஏங்க, இப்பெல்லாம் அரிசிப் பானையில கைய விட்டா அரிசிதான் இருக்கு." நான், "அரிசிப் பானையில அரிசி இல்லாம வேற என்ன இருக்கும்?"னேன். கேட்டது அவ்வளவுதான். மறுபடி கேக்கல. ஆனா உலைக்கு அரிசி எடுக்குறப்பெல்லாம் கைய அடி வரைக்கும் விட்டுத் துழாவுவா. நான் பாத்திருக்கேன்.

இப்பத்தான் வருது துரோகம். இதுக்கு வேற பேரு கெடையாது தம்பி.

தை மாசம் நாகலாபுரத்துல குருவம்மாவோட அக்கா பேரனுக்குக் காதுகுத்து. பஸ் நிக்கிற எடத்துக்கு நேரா எதுத்த வீடு. மைக் செட்டு நம்மளுது. எங்கண்ணன், அக்கா, தம்பி எல்லாரும் வந்திருந்தாக. காலையில இருந்து மொய் வாசிச்சித் தொண்டை கட்டிருச்சு. சகலைகிட்ட மைக்கக் குடுத்துட்டுப் பந்தியில போயி உக்காந்தேன். ஒரு வாய்தான் வச்சிருப்பேன். கொழாயில என் சம்சாரம் சத்தம். எனக்கு மொதல்ல வெளங்கவே இல்ல. அவ மைக்கத் தொட்டதே கெடையாது. சத்தம் தெளிவா வருது, நல்லா செட் பண்ணி வச்சிருக்கேன்ல.

"அருப்புக்கோட்டை சீனியம்மாள் சவுண்டு சர்வீஸ் பால்சாமி, தன் மனைவி குருவம்மாவுக்குச் செஞ்சது. கல்யாணமான மறு மாசம், அரிசிப் பானைக்குள்ள வச்சி, கொலுசு ஒரு சோடி. புள்ளத்தாச்சியா இருந்தப்ப, ஆம்ப்ளிபயர் பெட்டிக்குள்ள வச்சி, கொடுக்காப்புளி ஒரு பொட்டணம். காய்ச்சலாக் கெடந்தப்ப, கதவச் சாத்திக்கிட்டு, கால் அமுக்கி விட்டது."

பந்தியில எல்லாரும் சிரிக்கிறாக. பக்கத்துல இருந்தவன் என் தொடையில தட்டுறான். எனக்கு எலைக்குள்ள தலைய விட்டுக்கிறலாம் போல இருக்கு.

"இதெல்லாம் யாருட்டயும் சொல்லாதன்னு சொல்லிச் செஞ்சது. இம்புட்டு வருசம் நான் சொல்லல. ஊருக்குள்ள என்னைய வையிற சத்தம் மட்டுந்தான் கேட்டிருக்கு. இதையும் எழுதிக்கங்க." அப்பிடின்னா. பெறகு சொல்றா, "இன்னொண்ணும் எழுதிக்கங்க. பால்சாமிக்கு மட்டும் அவுக அம்மா குடுக்கலன்னு எங்க மதினி சொல்றாக. குடுத்தாக. எம் புருசனுக்கும் முட்டை குடுத்தாக. படப்புக்குப் பின்னாடி வச்சி..."

நான் எச்சிக் கையோட ஓடுனேன். போயி ஆம்ப்ளிபயர் ஒயரப் புடுங்கிட்டேன்.

அவ நிறுத்தல. சத்தம் போயிருச்சுன்னு அவளுக்குத் தெரியல. மேடையில நின்னு கண்ணு ரெண்டும் தண்ணியா என்னமோ சொல்லிக்கிட்டே இருக்கா. வாய் மட்டும் அசையுது. எங்கக்கா என்னையவே பாக்குறா. பெறகுதான் குருவம்மா கொழாய நிமிந்து பாத்தா. ஒயரப் பாத்தா. ஒயரு என் கையில இருந்துச்சு.

கடைசியா அவ என்ன சொன்னாங்கிறதுதான் எனக்குத் தெரியல. பக்கத்துல நின்ன சகலைகிட்டக் கேட்டா, "நீயே போயிக் கேளு"ங்கிறாரு.

அன்னைக்கு மைக் செட்டெல்லாம் வண்டியில ஏத்திட்டு, "கெளம்பு"ன்னேன். அவ வரல. அவ அக்கா வீட்டுத் திண்ணையோட சாஞ்சி உக்காந்துட்டா. "நான் உங்களக் கேவலப்படுத்தணும்னு பேசல. உங்களப் பாவம்னு சொல்றாக, எனக்குப் பொறுக்கல. நீங்க நல்லவருன்னு சொல்லத்தான் போனேன். சொல்ல விடல நீங்க" அப்பிடின்னா. நல்லவருன்னு சொல்றதுக்குக் கொழாய் எதுக்குங்க? என்கிட்டச் சொன்னாப் போதாதா?

மக திருப்பூர்ல இருந்து போன் போட்டுப் பேசிப் பாத்தா. அதுக்கு இவ சொன்னதக் கேளுங்க. "ஒங்கப்பாவ இங்க வரச் சொல்லு. வாசல்ல நின்னு, நாலு பேரு காதுல விழுற மாதிரி, குருவம்மா வா வீட்டுக்குப் போலாம்னு ஒரு தடவ கூப்பிடச் சொல்லு. அடுத்த நிமிசம் செருப்ப மாட்டிட்டுக் கெளம்பிருவேன்." இது என்ன தம்பி நியாயம்? வேற எது வேணும்னாலும் கேக்கட்டும். என் மனசுல உள்ளத நான் எதுக்கு ஊருக்கு வாசிச்சிக் காட்டணும்? வாசிக்கிறது என் தொழிலு. என் பொண்டாட்டியுமா தொழிலு?

ஆனா உண்மையச் சொல்றேன், வீட்டுல இருக்க முடியல. அரிசிப் பானையத் தெறந்தா ஒரு மாதிரி இருக்கு. இன்னைக்கு விடிஞ்சதும் அடுப்பப் பத்த வச்சேன். எங்கக்கா கொண்டாந்து போட்ட அட்டையில இருந்து ஒண்ணு எடுத்து அவிச்சேன். ஒரு வருசமாத் தொடாதவன். துணியில சுத்தி, மேல பேப்பர வச்சிக் கட்டி, இந்தா. தொட்டுப் பாருங்க, இன்னும் சூடு இருக்கு. எதுக்கு அவிச்சேன்னு கேக்காதீக, எனக்கே தெரியல.

புதூர் தாண்டியாச்சு. அடுத்தது நாகலாபுரந்தான்.

என்னப்பா? இல்லப்பா, இன்னைக்கும்... நீ போ அங்கிட்டு, மத்தவுகளுக்கு டிக்கெட்டப் போடு. "இன்னைக்காவது எறங்குவீகளா அண்ணாச்சி"ன்னு கேக்குறான் பாருங்க. என்னமோ நான் தெனமும் வந்துட்டு எறங்காமப் போற மாதிரி. அப்பப்ப வருவேன். விளாத்திகுளம் போயி ஒரு டீயக் குடிச்சிட்டு இதே வண்டியில திரும்பிருவேன். அது என் இஷ்டம்.

தம்பி, ஒரு ஒதவி. இந்தப் பொட்டணத்த நீங்க வாங்கிக்கங்க. எறங்குனதும் நேரா எதுத்தாப்புல பச்சக் கதவு வீடு. வாசல்ல ஒரு பொம்பள நிப்பா. இந்த வண்டி வர்ற நேரத்துக்குக் கரெக்டா வந்து நிப்பா, ஒவ்வொரு சன்னலாப் பாப்பா, வண்டி கெளம்புனதும் உள்ள போயிருவா. எதுக்கு வந்து நிக்கிறான்னு தெரியல. எவனும் பாக்காத நேரமாப் பாத்து இத அவ கையில குடுத்துருங்க. அந்த வீட்டுல புள்ளைக கெடக்கு, அதுககிட்டக் காட்ட வேணாம்னு சொல்லுங்க. அவளுக்கு மட்டுந்தான்னு சொல்லுங்க. என் பேரு வேணாம். முட்டையப் பாத்தாலே தெரிஞ்சிக்குவா.

அந்தா நிக்கிறா பாருங்க. மெலிஞ்சிட்டா. காலுல அந்தக் கொலுசு கெடக்கு, இங்க இருந்தே தெரியுது. நான் குனிஞ்சிக்கிறேன், நீங்க எந்திரிச்சா என் மொகம் தெரிஞ்சிரும்.

என்ன தம்பி? இங்க இருந்தே ஒரு சத்தம் குடுக்கணுமா? நானா?

மெல்லப் பேசுங்க தம்பி. அவளுக்குக் கேட்டுறப் போகுது.